ஸ்லேட் குழுவைக் கவிழ்த்தது அமெரிக்காவா?

ஸ்லேட் என்ற இங்கிலாந்து ராக் குழு 1971 முதல் 1973 வரை ஆறு பாடல்களைப் பிரிட்டனின் வாராந்திர விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுபோனது. 1976 ஏப்ரலில் முதல் ஐம்பதுக்குள்கூட நுழைய முடியாமல் திணறியது. அமெரிக்காவுக்குப் போனதுதான் அவர்களைக் கெடுத்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஏன் விழுந்தார்கள் என்பது ஒன்று. போகாமல் ஊரிலேயே இருந்திருந்தால் தப்பித்திருப்பார்களா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குத் தேதிகளும் பட்டியல் இடங்களுமே பெரும்பாலும் பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்கு யாரும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது, என் கருத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

சென்னையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மேடைகளுக்கு ஒலி அமைப்பது என் தொழில். கல்யாண வரவேற்பு லைட் மியூசிக்கிலிருந்து கல்லூரி விழாக்களின் ராக் குழுக்கள் வரை மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஸ்லேடை நேரில் பார்த்ததில்லை, அவர்கள் உச்சத்தில் இருந்தபோது நான் பிறக்கவே இல்லை. இசைத்தட்டுகள், பழைய ஒளிப்பதிவுகள், அவர்களே பின்னாளில் கொடுத்த பேட்டிகள், கூடவே கூட்டம் எப்போது ஒரு குழுவோடு சேரும், எப்போது விலகி நிற்கும் என்று தொழிலில் கற்றது, இவ்வளவுதான் என் கையில் இருப்பது.

பர்மிங்ஹாமுக்கு மேற்கே நிலக்கரி, இரும்பு, பட்டறைப் புகை என்று வாழ்ந்த வட்டாரத்துக்கு பிளாக் கன்ட்ரி என்று பெயர். வால்வர்ஹாம்ப்டன், வால்சால், பில்ஸ்டன் எல்லாம் அந்தப் பக்கத்து ஊர்கள்தான். நாடி ஹோல்டர் (பாட்டும் ரிதம் கிதாரும்), டேவ் ஹில் (லீட் கிதார்), ஜிம் லீ (பேஸ், வயலின், பியானோ), டான் பவல் (டிரம்ஸ்) நால்வரும் அங்கே வளர்ந்த உழைக்கும் வர்க்கத்துப் பையன்கள். 1966-ல் வேறொரு பெயரில் ஒன்றுசேர்ந்தவர்கள் 1992 வரை ஒருவர்கூட மாறாமல் இருந்தார்கள், இருபத்தாறு ஆண்டுகள். ராக் உலகில் இது எவ்வளவு அபூர்வம் என்பது இந்த இசையைக் கேட்பவர்களுக்குத் தெரியும். புகழ் வருவதற்கு முன் ஐந்து ஆண்டுகள் கிளப், நடன அரங்கு, உணவு விடுதி என்று கிடைத்த இடத்திலெல்லாம் அடுத்தவர் பாட்டை வாசித்தார்கள். அந்த ஐந்து ஆண்டுகளில் கற்றது ஒரே விஷயம்தான்: குடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிற கூட்டத்தை மூன்று நிமிடத்துக்குள் தங்கள் பக்கம் திருப்புவது.

1969-ல் சாஸ் சாண்ட்லர் அவர்களைப் பார்த்து, அவர்களுக்கு மேலாளரானார். அனிமல்ஸ் குழுவின் பேஸ் வாசிப்பாளராக இருந்தவர், ஜிமி ஹென்ட்ரிக்ஸை 1966-ல் லண்டனுக்கு அழைத்து வந்தவரும் அவர்தான். செய்தித்தாள்களில் பேசப்பட வேண்டும் என்பதற்காக முதலில் நால்வருக்கும் தலையை ஒட்ட வெட்டி, ஸ்கின்ஹெட் பையன்களைப் போலப் பூட்ஸும் சஸ்பெண்டரும் மாட்டிவிட்டார்கள். அந்த வேஷத்துக்கு அப்போது அடிதடிப் பெயர் இருந்ததால் அரங்குக்காரர்களே பயந்தார்கள், இசைத்தட்டும் விற்கவில்லை. சரி என்று முடியை வளர விட்டார்கள். அந்தக் கனமான பூட்ஸை மட்டும் விடவில்லை, அது பின்னால் உதவியது.

1971 நடுவில் ஒரு பழைய ராக் அண்ட் ரோல் பாட்டை மேடையில் வாசிப்பது போலவே பதிவு செய்தார்கள், பட்டியலில் 16-வது இடம். அடுத்து நீங்களே ஒரு பாட்டு எழுதுங்கள் என்று சாண்ட்லர் சொல்ல, ஜிம் லீ வயலினைத் தூக்கிக்கொண்டு ஹோல்டர் வீட்டுக்குப் போனார், அரைமணி நேரத்துக்குள் ஒரு பாட்டு பிறந்தது. மெல்லிய காதல் பாட்டு. இது நமக்கு ரொம்பச் சாதுவாக இருக்கிறதே என்று அவர்களுக்கே தோன்றியது. அதனால் கைத்தட்டலையும் பூட்ஸ் கால் மிதியையும் பாட்டின் அடியில் போட்டார்கள், தலைப்பின் எழுத்துக்களையும் வேண்டுமென்றே தப்பாக எழுதினார்கள். "காஸ் ஐ லவ் யூ" 1971 நவம்பரில் முதலிடம் போய் நான்கு வாரம் நின்றது. அந்தத் தப்பு எழுத்து பிறகு அவர்கள் அடையாளமாகவே ஆகிவிட்டது. "வந்துகொண்டிருக்கிறேன்" என்று அச்சிட வேண்டிய இடத்தில் "வந்துட்ருக்கேன்" என்று அட்டையில் போடுவது போல, தங்கள் வட்டாரத்து வாயில் அந்தச் சொல் எப்படி விழுமோ அப்படியே எழுதினார்கள். பிள்ளைகளின் ஸ்பெல்லிங் கெட்டுப்போகிறது என்று ஆசிரியர்கள் புகார் செய்தார்கள். பிள்ளைகளுக்கு அதுவே கொண்டாட்டம்.

கால் மிதியை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒலி வேலை செய்கிறவனாகச் சொல்கிறேன், அந்தப் பாடல்களின் அடித்தளம் டிரம்ஸ் மட்டும் இல்லை, ஒரு கூட்டம் தரையை மிதிக்கிற சத்தம். கிதார் வாசிக்கத் தெரியாதவன், சுருதி சேராதவன், யாராக இருந்தாலும் அதில் சேர்ந்துகொள்ளலாம். 1972-ல் வந்த "ஸ்லேட் அலைவ்" இசைத்தட்டைக் கேட்டால் இது விளங்கும். 1971 அக்டோபரில் லண்டன் பிக்காடிலியில் ஒரு ஸ்டுடியோவுக்குள் ரசிகர்களைக் கூட்டி வைத்து வாசித்துப் பதிந்தது. கூட்டத்தின் சத்தம் பக்கவாத்தியம் மாதிரி அதில் விழுந்திருக்கிறது. பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. 1972 மே மாதம் லிங்கன் அருகே நடந்த பெரிய திறந்தவெளி விழாவில், பாப் பட்டியலில் இருக்கிற குழுவுக்கு இங்கே என்ன வேலை என்று முகம் சுளித்த ராக் ரசிகர்களையும் மேடையேறிய கொஞ்ச நேரத்தில் எழுந்து ஆட வைத்தார்கள்.

மினுக்கும் உடையும் ஒப்பனையுமாக மேடையேறிய எழுபதுகளின் ராக் அலைக்கு கிளாம் என்று பெயர். அந்தப் பெயர் ஸ்லேடுக்குச் சரிதானா என்ற கேள்வியும் உண்டு. டி. ரெக்ஸ் குழுவின் மார்க் போலன் 1971 மார்ச்சில் கண்ணுக்குக் கீழே மினுமினுப்பு ஒட்டிக்கொண்டு பி.பி.சி.யின் "டாப் ஆஃப் தி பாப்ஸ்" நிகழ்ச்சியில் தோன்றியதுதான் அந்த அலையின் தொடக்கம் என்று பலரும் சொல்வார்கள். பாடகர் டேவிட் போவி அதில் ஆணா பெண்ணா என்ற மயக்கத்தைச் சேர்த்தார். ஸ்லேடிடம் அந்த மயக்கமெல்லாம் கிடையாது. ஹோல்டர் கட்டம்போட்ட கால்சட்டையும், வட்ட வட்டக் கண்ணாடித் துண்டுகள் பதித்த உயரத் தொப்பியும் போட்டார். மேடை விளக்கு அதில் பட்டு அரங்கம் முழுக்கச் சிதறும், கூட்டத்தில் ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு வெளிச்சப் புள்ளி ஓடும். ஹில் வெள்ளி உடை, வித்தியாசமான நெற்றி முடி, உயரமான பூட்ஸ் என்று வாராவாரம் புதிதாக எதையாவது மாட்டிக்கொண்டு வருவார். ஜிம் லீக்கு அதெல்லாம் கூச்சம், பாட்டு தனியாகப் பேசப்பட வேண்டும் என்று நினைத்தவர் அவர். எனக்கு ஹில்லின் பக்கம்தான் நியாயமாகப் படுகிறது. பி.பி.சி.யின் முதல் அலைவரிசை வண்ணத்துக்கு மாறியது 1969 நவம்பரில்தான். பிரிட்டனில் இருந்ததே மூன்று சேனல்கள். வியாழக்கிழமை மாலை அந்த ஒரு நிகழ்ச்சியில் முகம் காட்டினால் மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்க அதே பேச்சுதான். அந்தக் காலத்தில் உடையும் பாட்டின் பாதிதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அமெரிக்காவைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

1973 அவர்கள் ஆண்டு. ஒரு பாட்டு பட்டியலில் எங்கோ கீழே நுழைந்து வாராவாரம் ஏறி மேலே வருவதுதான் அந்தக் காலத்து வழக்கம். வெளியான வாரமே முதலிடத்தில் நுழைய வேண்டுமென்றால் யாரும் கேட்பதற்கு முன்பே கடைகளில் லட்சக்கணக்கில் முன்பதிவு குவிந்திருக்க வேண்டும். 1969-ல் பீட்டில்ஸ் அப்படி ஒருமுறை நுழைந்தார்கள். அதற்குப் பிறகு நுழைந்தது ஸ்லேட், 1973 மார்ச் தொடக்கத்தில், "கம் ஆன் ஃபீல் தி நாய்ஸ்" பாட்டோடு. ஜூன் மாதத்தில் அடுத்த பாட்டும் அதேபோல நேராக முதலிடம். ஜூலை 1-ஆம் தேதி லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் அரங்கை நிரப்பினார்கள்.

மூன்று நாள் கழித்து, ஜூலை 4 அதிகாலை, வால்வர்ஹாம்ப்டனில் டான் பவலின் கார் விபத்துக்குள்ளானது. அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண் அதில் இறந்துபோனார். பவல் கிட்டத்தட்ட ஒரு வாரம் நினைவில்லாமல் கிடந்தார், பிழைப்பாரா என்றே தெரியவில்லை. பிழைத்தார். ஆனால் சுவையும் மணமும் அவருக்குத் திரும்பி வரவில்லை, அண்மை நினைவு சுத்தமாகப் போய்விட்டது. பாட்டு தொடங்கிவிட்டால் கைகள் தானாக வாசிக்கும், எந்தப் பாட்டு எப்படித் தொடங்கும் என்பதுதான் நினைவுக்கு வராது. மேடையில் மற்றவர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் எடுத்துக்கொடுத்தார்கள். வேறு ஆளைப் போட்டுக்கொண்டு போயிருக்கலாம், உச்சத்தில் இருக்கிற குழுவுக்கு ஒவ்வொரு வாரமும் பணம். விபத்துக்குப் பின் ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிக்கு மட்டும் ஜிம் லீயின் தம்பியை டிரம்ஸில் உட்கார வைத்துச் சமாளித்துவிட்டு, பவலுக்காகக் காத்திருந்தார்கள். இந்தக் குழுவின் மேல் எனக்கு இருக்கிற மரியாதையில் பாதி இதற்காகத்தான்.

அந்த நிலையில்தான் கிறிஸ்துமஸ் பாட்டு வந்தது. ஹோல்டர் 1967-ல் எழுதித் தூக்கிப்போட்ட ஒரு மெட்டு கோரஸ் ஆனது, மீதியை லீ சேர்த்தார், ஊருக்கு வந்திருந்த ஹோல்டர், தன் பெற்றோர் வீட்டில் ஓர் இரவில் வரிகளை எழுதி முடித்தார். கோடையின் கடைசியில், நியூயார்க் புழுக்கத்தில், ரெக்கார்ட் பிளான்ட் ஸ்டுடியோவில் பதிவு. எல்லோரும் ஒன்றாக நின்று வாசித்துப் பதிவதுதான் அவர்கள் வழக்கம். பவலுக்கு முழுப் பாட்டும் நினைவில் நிற்காததால் இதைத் துண்டு துண்டாகப் பதிந்து சேர்த்தார்கள். கோரஸுக்கு எதிரொலி வேண்டும் என்று கட்டடத்தின் நடைவழிக்குப் போய் நின்று பாடினார்கள். 1973 டிசம்பரில் பிரிட்டன் வேலைநிறுத்தம், மின்வெட்டு, புத்தாண்டிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள்தான் ஆலைகளுக்கு மின்சாரம் என்ற அறிவிப்பு என்று இருண்டு கிடந்தது. அந்த நேரத்தில் "மெர்ரி எக்ஸ்மஸ் எவ்ரிபடி" நேராக முதலிடத்தில் நுழைந்து ஜனவரி வரை அசையவில்லை. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அதுதான் அவர்களுடைய ஆறாவது முதலிடம். கடைசி முதலிடமும் அதுதான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1971 கடைசி முதல் 1974 கடைசி வரை வெளியிட்ட பன்னிரண்டு சிங்கிள்களும் (ஒரு பாட்டை முன்னிறுத்தி விற்கிற சிறு இசைத்தட்டு) வரிசையாக முதல் நான்கு இடங்களுக்குள் வந்தன. இந்த வரிசை எப்போது அறுந்தது? 1975 தொடக்கத்தில், "ஹவ் டஸ் இட் ஃபீல்" பாட்டுக்கு 15-வது இடம்தான் கிடைத்தபோது. அவர்கள் நியூயார்க்கைத் தளமாக வைத்து அமெரிக்காவில் குடியேறியது அதற்குப் பிறகு, 1975-ன் நடுவில். ஆகவே அமெரிக்கா போனதால்தான் சரிவு தொடங்கியது என்பது தேதிக் கணக்கிலேயே நிற்காது. சரிவு தொடங்கிய பிறகுதான் போனார்கள். இது உறுதியாகச் சொல்லக்கூடியது.

அந்த 15-வது இடத்துக்குப் பின்னால் ஒரு படம் இருக்கிறது. ரிச்சர்ட் லான்க்ரெய்ன் இயக்கத்தில் 1975 தொடக்கத்தில் வெளியான "ஸ்லேட் இன் ஃப்ளேம்". குழுவின் ரசிகர்கள் எதிர்பார்த்தது நால்வரும் ஓடி ஆடிக் குறும்பு செய்கிற படத்தை. கிடைத்ததோ அறுபதுகளில் ஒரு குழு எப்படி உருவாக்கப்பட்டு, விற்கப்பட்டு, மேலாளர்களின் சண்டையில் நசுங்கிச் சிதறுகிறது என்று சொல்கிற கசப்பான கதை. தாங்கள் கண்டதையும் கேள்விப்பட்டதையும் அவர்களே திரைக்கதைக்குக் கொடுத்திருந்தார்கள். இன்று விமர்சகர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள், ராக் படங்களின் "சிட்டிசன் கேன்" (உலகின் தலைசிறந்த படங்களில் ஒன்றாகப் போற்றப்படுவது) என்றே மார்க் கெர்மோட் சொன்னார். நான் பார்த்த ராக் படங்களில் இதற்கு இணையாக ஒன்றும் இல்லை. ஆனால் பதிமூன்று வயதுப் பிள்ளை தன் நாயகர்கள் திரையில் ஒருவரை ஒருவர் வெறுத்துப் பிரிவதைப் பார்க்கவா காசு கொடுத்து வந்தது? அந்தப் படத்தின் பாட்டும் அப்படித்தான், பியானோவும் பித்தளை வாத்தியங்களுமாக, மெதுவாக, ஏக்கத்தோடு நகர்வது. அவர்களுடைய மிகச் சிறந்த பாட்டு அது. கால் மிதிக்க முடியாத பாட்டும் அதுவே.

படம் மட்டும்தான் காரணம் என்று சொன்னாலும் முழு உண்மை ஆகாது. போலனின் டி. ரெக்ஸ் 1973 முடிவிலேயே முதல் பத்தைத் தவறவிட்டது. போவி 1973 ஜூலையில் ஹாமர்ஸ்மித் மேடையில் தன் ஸிக்கி என்ற மேடைப் பாத்திரத்துக்கு முடிவு சொல்லிவிட்டு வேறு இசைக்குப் போய்விட்டார். 1975 வசந்தத்தில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது பே சிட்டி ரோலர்ஸ் என்ற வேறொரு பாப் குழு. 1972-ல் பதிமூன்று வயதில் ஸ்லேட் இசைத்தட்டு வாங்கிய பிள்ளைக்கு 1975-ல் பதினாறு, அவன் இப்போது முழு ஆல்பம் வாங்கி உட்கார்ந்து கேட்கிற குழுக்களைத் தேடுகிறான். அவனுடைய தங்கைக்கோ அவளுக்கென்று புதிய முகம் வேண்டும். சிங்கிள் சந்தையை நம்பி நின்ற எல்லாக் குழுவுக்கும் இது நடந்தது. எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்று அளக்க யாரிடமும் தராசு இல்லை. என் கணிப்பில் ரசிகர்களின் வயதுதான் பெரிய பங்கு, படம் அதை ஓர் ஆண்டு முன்னால் தள்ளியது.

சரி, அமெரிக்கா என்ன செய்தது? அவர்கள் முதலிடங்களை அள்ளிய காலத்திலேயே அமெரிக்கப் பட்டியலில் அவர்களுக்குக் கிடைத்த மிக உயர்ந்த இடம் 68. "கம் ஆன் ஃபீல் தி நாய்ஸ்" அங்கே 98. இருந்தாலும், பிரிட்டனில் ஏறுவதற்கு இனி இடமில்லை, எட்டு ஆண்டுகளுக்கு முன் கிளப் கிளப்பாக வாசித்து ஊரைப் பிடித்தது போல அந்த நாட்டையும் பிடித்துவிடலாம் என்று போனார்கள். உழைப்பில் குறை வைக்கவில்லை. செயின்ட் லூயிஸ் போன்ற சில ஊர்களில் நல்ல கூட்டமும் சேர்ந்தது. ஆனால் பெரும்பாலான இடங்களில் அவர்கள் வேறொரு பெரிய குழுவுக்கு முன்னால் வாசிக்கிறவர்கள். இந்த இடத்தில் என் தொழில் அனுபவத்தைச் சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பொறியியல் கல்லூரி விழாவில் முதலில் மேடையேறிய பையன்கள், தங்கள் சொந்தக் கல்லூரியில் வாசித்தால் கூரை அதிரும், அதை நானே பார்த்திருக்கிறேன். இங்கேயும் அதே பாட்டு, அதே கிதார், ஒலியும் சுத்தமாகத்தான் இருந்தது. பாடகர் வழக்கம்போல மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார். பதில் வரவில்லை. என் மிக்ஸரில் அந்த மைக்கின் மீட்டர் துடிக்கவே இல்லை. கூட்டம் அடுத்து வரப்போகிற பெரிய குழுவுக்காகக் கைகட்டி நின்றது. கோபமெல்லாம் இல்லை, பாட்டுத் தெரியாது, அவ்வளவுதான். கூட்டம் பாடுவதை நம்பிக் கட்டிய இசைக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. தனி ஆவர்த்தனம் வாசிக்கிற கிதார் வித்வான் தெரியாத கூட்டத்தின் முன்னாலும் தாக்குப்பிடிப்பார், அவருக்கு அவர்கள் வாய் திறக்கத் தேவையில்லை. ஸ்லேடின் இசையில் மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தின் கையில் இருந்தது. பிரிட்டனில் அந்தப் பங்கை வரிசையாக வந்த வெற்றிப் பாடல்களாலும் தொலைக்காட்சியாலும் முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் அதைத் தயார் செய்ய நாடு முழுக்கப் பார்க்கிற அப்படி ஒரு வாராந்திர நிகழ்ச்சி ராக் குழுக்களுக்கு வாய்க்கவில்லை. அங்கே எஃப்.எம். வானொலி நீண்ட ஆல்பம் பாடல்களைப் போட்டது, கண்ணாடித் தொப்பி வானொலியில் தெரியாது.

இது என் விளக்கம்தான், ஆனால் பின்னால் நடந்தது இதற்கு ஆதரவாக இருக்கிறது. 1973-ல் அமெரிக்காவில் 98-வது இடத்தில் செத்துப்போன அதே பாட்டை 1983-ல் லாஸ் ஏஞ்சலஸ் குழுவான கொயட் ரையட் பாடி 5-வது இடத்துக்குக் கொண்டுபோனது. அந்தப் பாட்டு இருந்த ஆல்பம் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. மெட்டு மாறவில்லை, தப்பு ஸ்பெல்லிங்கைக்கூட மாற்றவில்லை. இடையில் வந்தது 1981-ல் தொடங்கிய எம்.டி.வி. பாட்டோடு சேர்த்து உடையையும் ஆட்டத்தையும் காட்ட ஒரு திரை கிடைத்தது. ஆகவே அந்தப் பாடல்கள் அமெரிக்கக் காதுக்கு ஒத்துவரவில்லை என்று சொல்வது தவறு.

அமெரிக்கா செய்த உண்மையான சேதம் வேறு. இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் ஊரில் இல்லை. வாராவாரம் முகம் காட்டி வளர்ந்த குழு கண்ணில் படாமல் போனால் என்ன ஆகும்? 1975 நவம்பரிலும் 1976 தொடக்கத்திலும் வந்த இரண்டு சிங்கிளும் 11-வது இடத்தோடு நின்றன. 1976 ஏப்ரலில் வந்தது முதல் ஐம்பதுக்கே வரவில்லை. அந்த ஆண்டு ஆல்பத்தில் அமெரிக்க வானொலிக்கு ஏற்ற பெண் குரல் பின்னணியும் மெருகும் சேர்த்திருந்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பூட்ஸ் சத்தம் காணாமல் போயிருக்கிறது. ஊர் ரசிகர்களுக்கு, இவர்கள் நம்மை விட்டுப் போய்விட்டார்கள் என்ற மனத்தாங்கல். சரிவைத் தொடங்கி வைத்தது அமெரிக்கா இல்லை என்றாலும், திரும்பி ஏறுவதற்கான கயிற்றை அறுத்தது அதுதான் என்பேன்.

பங்க் என்ற முரட்டு வேக ராக் அலை வந்து ஸ்லேடை அழித்தது என்று அடிக்கடி எழுதுகிறார்கள், அதையும் சரிபார்த்துவிடலாம். பங்கின் முன்னணிக் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸின் முதல் சிங்கிள் வெளியானது 1976 நவம்பரில். ஸ்லேட் பட்டியலிலிருந்து விழுந்தது அதே ஆண்டு ஏப்ரலில். பங்க் வருவதற்குள் அவர்கள் விழுந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. பங்க் செய்தது என்னவென்றால், 1977-ல் அவர்கள் ஊர் திரும்பியபோது கதவைத் திறக்காமல் விட்டது. சுவரில் யாரோ எழுதியிருந்த "ஸ்லேடுக்கு என்ன ஆச்சு" என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து ஓர் ஆல்பம் போட்டார்கள். முரட்டுத்தனமான, அருமையான ஆல்பம், பட்டியலில் தலையே காட்டவில்லை. இத்தனைக்கும் பங்க் குழுவான ராமோன்ஸின் ஆட்களும் கிஸ் குழுவினரும் ஸ்லேடிடமிருந்து கற்றோம் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள் மிகக் கடினமானவை. பல்கலைக்கழக விழாக்கள், கோழிக்கறிக் கூடை பரிமாறுகிற இரவு விடுதிகள். இங்கே பணக் கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும், பலர் இதைக் கவனிப்பதில்லை. ஒரு பாட்டு விற்றாலும் வானொலியில் ஒலித்தாலும் எழுதியவருக்குத் தனிப் பங்கு போகும், வாசித்தவருக்கு அது கிடையாது. ஸ்லேடின் வெற்றிப் பாடல்களை எழுதியது பெரும்பாலும் ஹோல்டரும் லீயும். ஆகவே இறங்குமுகத்திலும் அவர்கள் இருவருக்கும் ஏதோ வந்துகொண்டிருந்தது, ஹில்லுக்கும் பவலுக்கும் பெரும்பாலும் மேடையேறினால்தான் காசு. ஹில் தன் ரோல்ஸ் ராய்ஸைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடலாமா என்று யோசிக்கிற நிலைக்கு வந்தார். ஒரே வேனில் ஒன்றாகத் தூங்கி வளர்ந்த நால்வருக்குள் இப்படி இரண்டு விதமான வாழ்க்கை உருவானால் குழு என்ன ஆகும் என்பதை எங்கள் ஊர் மெல்லிசைக் குழுக்களிலேயே பார்த்திருக்கிறேன். யாரும் கெட்டவர்கள் இல்லை, ஆனால் இன்னும் ஒரு வருடம் ஓடலாமா வேண்டாமா என்ற பேச்சு வரும்போது ஒவ்வொருவர் கணக்கும் வேறு வேறாக இருக்கும்.

1980 ஆகஸ்டில் ரெடிங் ராக் விழாவில் மெட்டல் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் வர முடியாமல் போக, கடைசி நேரத்தில் ஸ்லேடைக் கூப்பிட்டார்கள். ஹில் கிட்டத்தட்ட விலகிவிட்டிருந்தார், சாண்ட்லர்தான் கெஞ்சி அழைத்து வந்தார். ஹெவி மெட்டல் கூட்டம், மறந்துபோன பழைய ஆட்கள், எதிர்பார்ப்பு எதுவும் இல்லை. மேடையேறியதும் அந்தப் பாடல்கள் அத்தனை பேருக்கும் மனப்பாடம் என்று தெரிந்தது. 1972-ல் சிறுவர்களாக இருந்தவர்கள்தான் இப்போது தோல் ஜாக்கெட்டோடு நின்றார்கள். கிறிஸ்துமஸ் பாட்டைக் கேட்டு ஆகஸ்ட் மாதத்தில் கூச்சலிட்டார்கள். 1981-ல் ஒரு பாட்டு மீண்டும் முதல் பத்தில் வந்தது, 1983 டிசம்பரில் ஒன்று இரண்டாம் இடம் வரை போனது, கொயட் ரையட்டின் புண்ணியத்தில் 1984-ல் அமெரிக்காவிலும் முதல் இருபதுக்குள் ஒரு பாட்டு வந்தது. ஆஸி ஆஸ்போர்னோடு அமெரிக்கச் சுற்றுப்பயணம் புறப்பட்டார்கள். சில நிகழ்ச்சிகளிலேயே ஜிம் லீ நோயில் விழுந்தார், கல்லீரல் அழற்சி. திரும்பி வந்தார்கள். ஹோல்டர் அதன்பின் சுற்றுப்பயணம் வேண்டாம் என்று முடிவெடுத்தார், 1992-ல் குழுவிலிருந்தும் விலகினார். லீயும் நின்றுகொண்டார். ஹில்லும் பவலும் வேறு பாடகரை வைத்துக்கொண்டு தொடர்ந்து மேடையேறினார்கள், மேலே சொன்ன பணக் கணக்கைப் பார்த்தால் அதில் வியப்பில்லை.

போகாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பார்களா என்ற இரண்டாவது கேள்விக்கு என் கருத்து இது. முதலிடங்கள் திரும்பி வந்திருக்காது, அந்தச் சந்தை கை மாறிவிட்டது. ஆனால் 1975-லும் 1976-லும் பிரிட்டனின் பெரிய அரங்குகளில் ஆண்டுக்கு இரண்டு சுற்று வாசித்திருந்தால், ரெடிங்கில் 1980-ல் நடந்தது மூன்று நான்கு ஆண்டுகள் முன்பே நடந்திருக்கும், பட்டியலை நம்பாத ஒரு மேடைக் குழுவாக நிலைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். பவலின் உடல்நிலை அதற்கு இடம் கொடுத்திருக்குமா என்பது என் கருத்தில் உள்ள பலவீனமான இடம், மறுப்பவர்கள் அங்கே பிடித்தால் என்னிடம் வலுவான பதில் கிடையாது.

கேட்கத் தொடங்குவதாக இருந்தால் தொகுப்பு ஆல்பத்தை எடுக்காதீர்கள். முதலில் "ஸ்லேட் அலைவ்", சத்தமாக, முடிந்தால் ஹெட்போன் இல்லாமல். அடுத்து "ஹவ் டஸ் இட் ஃபீல்". பிறகு அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு வாருங்கள், எங்காவது கேட்டிருப்பீர்கள், ஆனால் இந்த முறை பாட்டை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த அடி என்ன என்று நினைவில்லாத ஒருவர், இரண்டு மாதத்துக்கு முன் எல்லாவற்றையும் இழந்தவர், பக்கத்தில் நின்று நண்பர்கள் எடுத்துக்கொடுக்க எடுத்துக்கொடுக்க ஒவ்வொரு துண்டாக வாசித்தது அது. தாளம் ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை.